செட்டின் எண்ணும் வண்டியின் பெயரும்

பெருந்துறையில் குடியிருப்பவர்களுக்குச் சைரன் ஓசை அன்றாடப் பரிச்சயம். சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சிப் பக்கம் செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இன்றும் நம்மில் பலர் பழைய வழக்கப்படி 47ஆம் எண் சாலை என்றே சொல்லும் அந்தச் சாலை, ஊரை ஒட்டியே போகிறது. ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனை இருந்த காரணத்தால் பெரியவர்கள் 'சானடோரியம்' என்று குறிப்பிடும் இடத்தில், போக்குவரத்துக் கழகங்களின் சார்பில் தொடங்கப்பெற்றுப் பின்னர் அரசே ஏற்றுக்கொண்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இங்கூர்ப் பக்கமோ சிப்காட் தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. ஆகவே, விஜயமங்கலம் சுங்கச்சாவடிப் பக்கமிருந்து ஒரு வண்டியும் ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு வண்டியும் ஏககாலத்தில் அலறிக்கொண்டு வருவதும், 'இது எந்த ஊர் வண்டி, எங்கே போகிறது?' என்று கடைவீதியில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதும் இங்கே சகஜம்.

இந்தக் கேள்விக்கு விடை காண்பதையே ஒரு சாதனையாக வளர்த்து வைத்திருக்கும் மனிதர்கள் உலகின் பல தேசங்களில் இருக்கிறார்கள். அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவிக் கேட்கும் ஸ்கேனர் என்னும் கருவியை மேசைமேல் வைத்துக்கொண்டு, தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் காவல் ரோந்து வண்டியும் தத்தம் கட்டுப்பாட்டு அறையோடு பேசுவதைக் கேட்டு, பேசுகிற வானொலிச் செட்டின் எண் இன்னது, அது பொருத்தப்பட்டிருக்கும் வண்டியின் அழைப்புப் பெயரான கால்சைன் இன்னது என்று இரண்டையும் பொருத்திப் பொருத்திப் பட்டியல் தயாரிப்பது அவர்களுடைய வேலை. மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்காகத் தோன்றலாம். அமெச்சூர் வானொலி உரிமம் பெற்று நெடுங்காலமாகக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு, இந்தப் பொருத்தம் உயிர் காக்கும் விஷயங்களில் ஒன்று என்பதில் சந்தேகம் இல்லை. அதைப் பற்றித்தான் இன்று சற்று விஸ்தாரமாக எழுத எண்ணுகிறேன்.

முதலில் கால்சைன் எப்படி வந்தது என்பதைப் பார்க்கலாம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறை 1928இல் ரோந்துக் கார்களில் வானொலியைப் பொருத்தி ஒழுங்காக நடத்தத் தொடங்கியபோது, அந்த வானொலி ஒருவழிப் பாதையாகவே இருந்தது. தலைமையகம் சொல்வதைக் காரில் இருப்பவர் கேட்கலாமேயொழியப் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல வேண்டுமானால் வண்டியை நிறுத்தித் தொலைபேசி இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். 1933இல் நியூ ஜெர்சி மாநிலத்துப் பேயோன் நகரில் இருவழிப் பேச்சு வந்த பிறகுதான், பேசுகிறவர் யார் என்பதைக் குறுகிய சொல்லால் உணர்த்த வேண்டிய அவசியம் நிதமும் எழுந்தது. நம் நாட்டிலும் மாகாணங்களின் காவல்துறை வயர்லெஸ் அமைப்புகளை ஒன்றிணைப்பதற்கென 1946இலேயே மத்திய இயக்ககம் ஒன்று ஏற்பட்டுவிட்டது. மனிதரின் சொந்தப் பெயரைச் சொல்லி அழைப்பது பயன்படாது; காலையில் பணிக்கு வந்தவர் இரவில் வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய ஸ்தானத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். ஆகையால் ஆளைப் பொறுத்த பெயரை விடுத்து, பொறுப்பைச் சுட்டும் பெயர் ஒன்று தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பில் எவர் உட்கார்ந்திருந்தாலும் அதே பெயரால் அழைக்கலாம் என்பதே கால்சைனின் பெருமை.

செட்டின் எண் இதற்கு முற்றிலும் வேறான வமிசத்தைச் சேர்ந்தது. பழைய அனலாக் செட்டுகளின் காலத்திலேயே, மைக்கில் உள்ள பொத்தானை அழுத்தியவுடன் 'கிர்ர்' என்று ஒரு கணம் கீச்சிடும் ஒலியொன்று பேச்சுக்கு முன்னால் போகும்படி சில நிறுவனங்கள் ஏற்பாடு செய்தன. மோட்டோரோலா நிறுவனத்தின் எம்.டி.சி. 1200 என்ற முறை அவற்றுள் பிரசித்தமானது. விநாடிக்கு 1200 துணுக்கு (பிட்) வேகத்தில் அந்தக் கீச்சொலிக்குள் நான்கு இலக்க எண்ணொன்று ஒளிந்திருக்கும். கட்டுப்பாட்டு அறையிலுள்ள கருவி அதைப் பிரித்து எடுத்துத் திரையில் காட்டும். பிறகு வந்த டிஜிட்டல் முறைகளில், அதாவது அமெரிக்காவில் பரவிய பி 25, ஐரோப்பாவில் பரவிய டெட்ரா, தொழிற்சாலைகளிலும் அமெச்சூர் வானொலியிலும் பரவிய டி.எம்.ஆர். ஆகிய மூன்றிலுமே, 24 துணுக்குகளால் ஆன எண் ஒவ்வொரு பேச்சோடும் தானாகவே போகிறது. 24 துணுக்குகளைக் கொண்டு ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேற்பட்ட வெவ்வேறு எண்களை அமைக்கலாம். பேசுகிறவர் தம் கால்சைனைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், தூக்கக் கலக்கத்தில் தவறாகச் சொன்னாலும், செட்டு தன் எண்ணைச் சொல்லாமல் விடாது.

நம் ஊர்க் காடுதோட்டங்களை நினைத்துப் பாருங்கள். அரசாங்கப் பதிவேட்டில் ஒரு நிலத்துக்குச் சர்வே எண் உண்டு. அதே நிலத்தை வீட்டார் 'மேக்காடு' என்றோ 'கிணத்துக்காடு' என்றோ அழைப்பார்கள். வழக்கு என்று வரும்போது, இந்தச் சர்வே எண் எந்தக் காட்டுக்கு உரியது என்று சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஊரில் இருந்தால்தான் இரண்டும் ஒன்றுசேரும். செட்டு எண்ணும் கால்சைனும் அப்படியே. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு பட்டியல், அந்தப் பட்டியலைப் பராமரிக்கும் ஒரு மனிதர், அவ்வளவே.

இப்போது ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் இந்தப் பொருத்தத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். இதில் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது. கட்டுப்பாட்டு அறை ஒரு வண்டியைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அடுத்த ஓரிரு விநாடிகளில் பதில் வருகிறது. பதிலோடு ஓர் எண் திரையில் தோன்றுகிறது. உடனே 'இந்த எண் இந்த வண்டி' என்று முடிவு கட்டிவிடுவது அனுபவம் இல்லாதவர் செய்யும் காரியம். ஏனெனில் அழைக்கப்பட்ட வண்டி பதில் சொல்லுமுன் வேறொரு வண்டி குறுக்கிட்டுப் பேசியிருக்கலாம். அல்லது வண்டியில் பொருத்திய செட்டை விட்டுவிட்டு, ஓட்டுநர் இடுப்பில் செருகியிருக்கும் வாக்கி டாக்கியில் பேசியிருக்கலாம். ஆதலால் நிதானமுள்ளவர்கள் முதல் முறை கேட்டதைப் பென்சிலால் எழுதி வைப்பார்கள். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு சம்பவங்களில், அதே எண்ணும் அதே பெயரும் ஒன்றாகவே வந்தால்தான் அதன்மேல் பேனா ஓடும்.

துணைச் சான்றுகளும் உண்டு. குரலுக்குப் பின்னால் டீசல் என்ஜின் உறுமுகிறதா, சைரன் கேட்கிறதா, அல்லது மருத்துவமனை வராந்தாவின் எதிரொலி கேட்கிறதா என்று கூர்ந்து கேட்டால், பேசுவது வண்டிச் செட்டா, கைச் செட்டா என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும். செட்டுகளை மொத்தமாக வாங்கி மொத்தமாக எண் பதிக்கும் வழக்கம் இருப்பதால், ஒரு நிலையத்து வண்டிகளின் எண்கள் பெரும்பாலும் வரிசையாக அமைந்திருக்கும். 2101, 2102, 2104 என்று மூன்று தெரிந்துவிட்டால், இன்னும் குரல் கேட்காத 2103 என்பது அதே நிலையத்தில் ஓய்வாக நிற்கும் வண்டியாகவோ பழுதுபார்க்கப் போயிருக்கும் வண்டியாகவோ இருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஊகத்தை ஊகம் என்றே குறித்து வைப்பது இந்த வித்தையின் முதல் தர்மம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம் நாட்டு நிலைமையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. அமெரிக்காவில் மறைகுறியாக்கம் செய்யப்படாத காவல், தீயணைப்புப் பேச்சுகளைப் பொதுமக்கள் கேட்பதற்கு மத்தியச் சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கும்கூட நியூயார்க் நகரக் காவல்துறை 2023 முதல் தன் அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டத் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் தமக்கு உரித்தல்லாத பேச்சைக் கேட்பதே குற்றம். நம் நாட்டில் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி அத்தகைய சாதனத்தை வைத்திருப்பதையே தடை செய்தது. வீட்டு ரேடியோவுக்குக்கூட வருஷந்தோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டி, சிறு புத்தகத்தில் முத்திரை வாங்கி வந்த காலத்தை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980களில் அந்த வீட்டு உரிமம் எடுபட்டது. ஆனால் பிற வயர்லெஸ் கருவிகளுக்கான கட்டுப்பாடு எடுபடவில்லை. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவிகளை அங்கீகாரமின்றி வைத்திருக்கக் கூடாதென்றே சொல்கிறது. இணைய அங்காடிகளில் வாக்கி டாக்கிகள் வரைமுறையின்றி விற்கப்படுவதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் தனியாகவே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இந்தத் தடையைக் குறித்து எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. விபத்தில் அடிபட்டவருடைய பெயரும், பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணின் நிலையும், காயங்களின் விவரமும் பறக்கிற பேச்சு அது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் வண்டியில் இருப்பவரும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரும் மருத்துவரும்தாம். பத்திரிகையாளர்களும் நகர மக்களும் காவல்துறையைக் கண்காணிப்பதற்கு ஸ்கேனர் துணை செய்கிறது என்ற அமெரிக்க வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் நோயாளியின் அந்தரங்கம் அதைவிடப் பெரிதென்பது என் அபிப்பிராயம். ஆகவே இதைப் படித்துவிட்டு எந்த இளைஞரும் கருவி வாங்கிக் காவல்துறை அலைவரிசையைத் தேடப் புறப்பட வேண்டாம்.

பொருத்தும் வித்தையைச் சட்டத்துக்கு உட்பட்டே கற்க நம்மவர்க்கும் வாசல்கள் திறந்திருக்கின்றன. ஆகாயத்தில் போகும் விமானங்களில் பெரும்பாலானவை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தம் இருப்பிடத்தையும் 24 துணுக்கு முகவரி ஒன்றையும் அறிவித்துக்கொண்டே போகின்றன. கோவை பீளமேட்டில் இறங்கும் விமானங்களையும், நம் தலைக்கு மேல் உயரத்தில் கடந்துபோகும் விமானங்களையும் இந்த அறிவிப்பைக் கொண்டுதான் கைப்பேசிச் செயலிகள் படம் போட்டுக் காட்டுகின்றன. அந்த முகவரியை ஆறு எழுத்துக் குறியாக எழுதினால், இந்தியாவில் பதிவான விமானங்களுக்கு முதல் எழுத்து 8 ஆகவும், இரண்டாவது எழுத்து 0 முதல் 3 வரையில் ஒன்றாகவும் இருக்கும். இவ்விதம் நம் தேசத்துக்கு ஒதுக்கப்பட்டவை 2,62,144 முகவரிகள். விமானத்தின் வாலருகே எழுதியிருக்கும் வி.டி. என்று தொடங்கும் பதிவெழுத்து ஒன்று. விமானி கோபுரத்தோடு பேசும்போது சொல்லும், பயணத்துக்குப் பயணம் மாறும் கால்சைன் இன்னொன்று. இந்த முகவரி மூன்றாவது. விமானம் வேறு தேசத்துக்கு விற்கப்பட்டுப் பதிவு மாறினால் முகவரியும் மாறிவிடும். மூன்றையும் பொருத்திப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு, மேலே போவது பயணிகள் விமானமா, நோயாளியைத் தூக்கிச் செல்லும் ஏர் ஆம்புலன்ஸா என்பது வானத்தை அண்ணாந்து பாராமலே தெரிந்துவிடுகிறது.

கடலிலும் இதுவே கதை. கப்பல்களுக்கு ஒன்பது இலக்க எண் உண்டு. இந்தியக் கப்பல்களின் எண் 419 என்று தொடங்கும். ஆபத்து நேரத்தில் செட்டிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் முதலில் போவது அந்த எண்தான். நம் மீனவர்களுக்கென இஸ்ரோ உருவாக்கி 2010 முதல் பயன்பட்டு வரும் அபாய அறிவிப்புக் கருவியும் அப்படியே: படகிலிருந்து புறப்படும் செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரிலுள்ள இந்தியக் கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்து, அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குப் போகிறது. நாகப்பட்டினத்துப் படகோ குமரிமுனைப் படகோ, புயலில் சிக்கியவர் மைக்கைப் பிடித்துக் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எண் ஒன்றுதான் கரைக்கு வரும். அந்த எண் யாருடைய படகு, உரிமையாளரின் தொலைபேசி எது, எத்தனை பேர் போனார்கள் என்று யாரைக் கேட்பது என்பதெல்லாம் கரையிலுள்ள பதிவேட்டில் சரியாக இருந்தாக வேண்டும். படகைக் கைமாற்றி விற்றவர் அதைத் தெரிவிக்காமல் விட்டிருந்தால், தேடுகிறவர்கள் வேறொரு குடும்பத்துக்கு வீணாகத் தொலைபேசி செய்துகொண்டிருப்பார்கள்.

குரல் இல்லாமல் எண் மட்டும் வந்து சேரும் அந்தக் கணத்தைத்தான் நான் இந்தப் பதிவில் முக்கியமாகக் கருதுகிறேன். மற்ற நேரங்களில் பட்டியல் பிசகாக இருந்தாலும் பேச்சு அதைச் சரிக்கட்டிவிடும். 'நீங்கள் யார், எங்கிருந்து பேசுகிறீர்கள்?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டிஜிட்டல் வாக்கி டாக்கிகள் பலவற்றின் மேற்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அடிபட்டுக் கிடப்பவர், புகையில் மூச்சுத் திணறுகிறவர், வாய் திறக்க முடியாத நிலையில் அதை அழுத்துவார். கட்டுப்பாட்டு அறையின் திரையில் ஓர் எண்ணும், பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே யாரோ எப்போதோ எழுதிவைத்த பெயரும் மின்னும். உதவி அந்தப் பெயரை நம்பித்தான் ஓடும்.

சிப்காட்டிலுள்ள ஒரு தொழிற்சாலையில் இதை நான் நேரிலேயே கண்டேன். சொந்தத் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வைத்திருக்கும் பெரிய ஆலை அது. முறையாக உரிமம் பெற்ற அலைவரிசையில் டிஜிட்டல் செட்டுகளை உபயோகிக்கிறார்கள். செட்டு விற்றவர் கொடுத்த பழைய பட்டியல் இப்போது நம்பத்தக்கதாக இல்லை என்று, ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று அங்கே பாதுகாப்பு அலுவலராகப் பணிபுரியும் பெரியவர் ஒருவர் என்னை அழைத்திருந்தார். கட்டுப்பாட்டு அறையில், கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை விரித்து, மணி, திரையில் தோன்றிய எண், வாயால் சொன்ன பெயர், பின்னணி ஒலி என்று நான்கு கட்டம் கிழித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஆட்களிடம் முன்னதாக எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் எல்லோரும் ஜாக்கிரதையாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள், உண்மை நிலவரம் வெளிவராது என்பது பெரியவருடைய தீர்மானம். அது மிகச் சரியான தீர்மானம்.

முற்பகலுக்குள் பெரும்பாலான எண்கள் பொருந்திவிட்டன. பிரதான வாயில், பாய்லர் பகுதி, சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஆம்புலன்ஸ் எல்லாம் பட்டியலில் கண்டபடியே இருந்தன. சங்கடம் தீயணைப்பு வண்டியில் வந்தது. 'ஃபயர் ஒன்று' என்று பெரியவர் அழைத்தார். 'ஃபயர் ஒன்றுங்க, சொல்லுங்க, ஓவர்' என்று பதில் வந்தது. திரையில் தோன்றிய எண்ணோ பட்டியலிலேயே இல்லை. சிறிது நேரம் கழித்து, லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையிலிருந்து யாரோ சாவகாசமாகப் பேசியபோது, திரையில் தீயணைப்பு வண்டிக்கு உரிய 'ஃபயர் டெண்டர்' என்ற பெயர் பளிச்சென்று வந்தது. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

நாங்கள் இருவரும் தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போனோம். ஓட்டுநர் எங்களைக் கண்டதும் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க அண்ணா, இந்தச் செட்டு ஆதியிலிருந்தே இந்த வண்டியிலதான் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. வண்டியோட செட்டு மைக்கு சரியில்லைன்னு ரிப்பேருக்குப் போச்சுங்க. அதுக்குப் பதிலா இதைக் குடுத்தாங்க. அந்தச் செட்டு திரும்பி வந்தப்ப இது நல்லாத்தான பேசுதுன்னு இதையே வெச்சுக்கிட்டோமுங்க. அதை எடைமேடைக்குக் கேட்டாங்கன்னு குடுத்தாச்சுங்க."

"ஆபீஸ்ல யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லோணும்னு ஆருமே சொல்லலீங்களே."

இதில் அந்த ஓட்டுநர்மேல் குற்றம் சொல்ல இடமே இல்லை. வண்டிக்குப் பேசும் செட்டு ஒன்று வேண்டும், நன்றாகப் பேசும் செட்டு கிடைத்தது, வைத்துக்கொண்டார். செட்டு மாறினால் எண் மாறும், எண் மாறினால் பட்டியல் மாற வேண்டும் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லியதில்லை. பெரியவர் அங்கேயே ஒரு பரீட்சையும் செய்து பார்த்தார். எடைமேடையிலுள்ள பையனிடம் ஆரஞ்சுப் பொத்தானை அழுத்தச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையில் அலாரம் கூவி, 'ஃபயர் டெண்டர் ஆபத்தில் இருக்கிறது' என்று திரை அறிவித்தது. எடைமேடையில் லாரியின் பின்சக்கரத்தில் ஒரு பையன் சிக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தியிருந்தால், ஆட்கள் ஆலையின் மறுகோடியிலுள்ள தீயணைப்புக் கொட்டகைக்கு ஓடியிருப்பார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு செட்டின் முதுகிலும் எண்ணை எழுதி ஒட்டி, செட்டு இடம் மாறினால் கையெழுத்து வாங்கவேண்டிய ஒரு பதிவேட்டையும் பெரியவர் திறந்துவிட்டார்.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற 108 ஆம்புலன்ஸ் சேவையின் வழி சற்று வேறானது. வண்டிகளைச் சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு மையம் கைப்பேசி வழியாக ஏவுகிறது. வண்டி எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் இடங்காட்டி சொல்கிறது. வண்டியை ஓட்டுகிறவரை அங்கே 'பைலட்' என்கிறார்கள். கூட வருபவர் அவசர மருத்துவ உதவியாளர். வானொலிச் செட்டு இல்லாவிட்டாலும் இரட்டைப் பெயர்ப் பிரச்சினை இருக்கவே செய்கிறது. 'பெருந்துறை வண்டி' என்பது ஒரு ஸ்தானத்தின் பெயர். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கோ பழுதுபார்க்கவோ அந்த வண்டி போனால், மாற்றாக வந்து நிற்கும் வண்டியும் ஊராருக்குப் பெருந்துறை வண்டியே. வண்டிக்குள் இருக்கும் கைப்பேசியும் இடங்காட்டியும் எந்த வண்டியோடு இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அன்றன்று சரிபார்க்கும் ஊழியர் ஒருவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்துகொண்டு செய்யும் வேலையால்தான், நாம் அழைத்தவுடன் அருகிலுள்ள வண்டி வந்து நிற்கிறது. அத்தகைய ஊழியர்களுக்கு நான் மனமார நன்றி செலுத்துகிறேன்.

எங்கள் அமெச்சூர் வானொலிக்காரர்களிடமும் இந்த இரட்டைப் பெயர் உண்டு. அரசாங்கம் கொடுக்கும் கால்சைன் வி.யு.2 என்றோ வி.யு.3 என்றோ தொடங்கும். அது மனிதருக்கு உரியது. டிஜிட்டல் முறையில் பேசுகிறவர்களுக்கு 404 என்று தொடங்கும் ஏழு இலக்க டி.எம்.ஆர். எண்ணும் உண்டு. பேரிடர்க் காலத்திலோ மூன்றாவதாக ஒன்று வந்து சேர்கிறது: 'முகாம்', 'மருத்துவமனை', 'துறைமுகம்' என்று, இருக்கும் இடத்தைச் சொல்லும் தற்காலிகப் பெயர். 2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிலையத்தைச் சேர்ந்த குழுவோடு போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத், அந்தமானுக்கெனக் கிடைத்த வி.யு.4 வரிசைக் கால்சைனோடு உலகத்து அமெச்சூர்களுடன் பேசிக்கொண்டிருந்த சமயத்தில்தான் 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்துபோன தீவுகளிலிருந்து உறவினர்களைப் பற்றிய செய்திகள் அந்தக் குழுவின் செட்டுகள் வழியாக நாட்டின் பெருநிலப்பகுதிக்கு வந்தன. அத்தகைய வேளையில் ஒரே செட்டில் பலர் மாறி மாறி உட்காருவார்கள். எந்தச் செய்தி யார் வாயிலிருந்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதிவைக்கும் நோட்டு இல்லாவிட்டால், வந்த செய்தியை நம்புவதற்கு ஆதாரமே இராது.

அமெச்சூர் உரிமத்துக்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த வயர்லெஸ் பிரிவு பரீட்சை நடத்துகிறது. பன்னிரண்டு வயது நிரம்பியவர் எவரும் எழுதலாம். நம் பகுதியில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் மாணவர்கள் ஒரு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடியே எழுதும் பழக்கத்தைக் கற்றால், அது எந்த உத்தியோகத்துக்குப் போனாலும் உதவும். விருப்பமுள்ளவர்கள் எனக்கு எழுதுங்கள். பாடத்திட்டத்தைச் சொல்லித்தரத் தயாராயிருக்கிறேன்.

பெருந்துறையிலும் சென்னிமலையிலும் ஈரோட்டிலும் வாக்கி டாக்கி வைத்திருக்கும் ஆலைக்காரர்கள், கல்லூரிப் பேருந்து நடத்துகிறவர்கள், தனியார் ஆம்புலன்ஸ் உரிமையாளர்கள் ஆகியோரிடம் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. உங்கள் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். செட்டின் முதுகில் அதன் எண்ணை எழுதி ஒட்டுங்கள். மாதப் பிறப்பன்று ஒவ்வொரு செட்டிலும் ஆரஞ்சுப் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் பெயரும் செட்டு இருக்கும் இடமும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். செட்டு இடம் மாறினால் அன்றைக்கே பட்டியலையும் மாற்றி எழுதுங்கள்.